சீக்கிரம் அனுப்பிய நாட்கள்

பள்ளி நூலகத்தில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். தலைமையாசிரியர் டென்னிஸ் வோய்ட், அறையில் இருந்த ஒரே பெரிய நாற்காலியில், அலமாரிக்கு முதுகைக் காட்டி. அவருக்கு இடப்பக்கம், ஜன்னலோரம், பாலர் வகுப்பு ஆசிரியை ரோண்டா. ரோண்டாவுக்கு எதிரே, பிள்ளைகளுக்குத் தனி உதவி தேவையா என்று பார்க்க அறுபது மைல் வண்டியோட்டி வந்திருந்த மதிப்பீட்டாளர் தெரீஸ் கோலிங், மடிக்கணினியோடு. கதவை ஒட்டி டாரல், தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு. அவன் பக்கத்தில் அவன் மனைவி ஜனெல். தலைமையாசிரியரைத் தவிர மற்ற நால்வருக்கும் கிடைத்தவை ஐந்து வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகள். டாரலின் முழங்கால் அவன் மோவாயை முட்டிக்கொண்டிருந்தது.

இதை ஜனெல் தன் மஞ்சள் தாளின் தலைப்பில் வரிசையாக எழுதிக்கொண்டாள். எல்ஸ்பி ஊர்க் குடிநீர் வாரியத்தில் ஒன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். எந்தக் கூட்டமானாலும் யார் யார், எங்கே என்று எழுதாமல் அவள் கை அடுத்த வரிக்குப் போகாது. அதன் கீழே ‘பொருள்: மேரிட், வயது நான்கு வருடம் ஏழு மாதம்’ என்று எழுதிக் கோடிட்டாள்.

டாரல், ஜனெலின் மகள் மேரிட் அங்கே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், விளையாட்டுக் கூடத்தில், உதவியாளர் ஒருத்தியோடு இருந்தாள். பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு அடி, ஒரு இடைவெளி, ஐந்து அடி, பிறகு ஏதோ சரிந்து விழும் ஓசை.

"யாராவது எடுத்துக்குங்களேன்" என்று ரோண்டா மேசை நடுவில் இருந்த தட்டைத் தள்ளினாள். எலுமிச்சைத் துண்டங்கள், சர்க்கரை தூவியவை. அவளே செய்து கொண்டுவந்தது. ரோண்டா டாரலின் அக்கா. எல்ஸ்பியில் பாலர் வகுப்பு ஒன்றுதான், அதற்கு ஆசிரியையும் ஒருத்திதான்.

தெரீஸ் கோலிங் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "டாக்டர் குடுத்த படிவம் ரெண்டும் வந்திருக்கு. ஒண்ணு வீட்டுல நிரப்பினது, ஒண்ணு வகுப்புல. பதினெட்டுக் கேள்வி. வீட்டுப் படிவத்துல பதினாறு கேள்விக்கு ‘மிக அடிக்கடி’ன்னு வட்டம் போட்டிருக்கீங்க."

"ஆமா" என்றாள் ஜனெல்.

"வகுப்புப் படிவத்துல பதினெட்டுக்குமே ‘சில நேரம்’."

ஜனெல் பேனாவை நிறுத்தினாள். "பதினெட்டுக்குமா?"

"ஆமாங்க. உட்காரச் சொன்னா எழுந்து போறாளா, சில நேரம். முறை வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலையா, சில நேரம். இது எந்த நாலு வயசுக் குழந்தைக்கும் பொருந்தும். ஏடிஎச்டி, அதாவது கவனம் நிக்காத, அடங்காத துறுதுறுப்புன்னு சொல்லணும்னா ரெண்டு இடத்துலயாவது தெரியணும். ஒரே இடத்துலதான் தெரியுதுன்னா..." அவள் குரலை மென்மையாக்கிக்கொண்டாள். "அப்போ குழந்தையைப் பாக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்தைப் பாக்கணும்."

அந்த இடம் என்றால் வீடு. வீடு என்றால் ஜனெல். மேசையைச் சுற்றி எல்லோருக்கும் அது புரிந்தது.

ஜனெல் ரோண்டாவைப் பார்த்தாள். ரோண்டா ஒரு எலுமிச்சைத் துண்டத்தைப் பிளாஸ்டிக் கத்தியால் இரண்டாக வெட்டி, அந்த இரண்டையும் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்கூல்லேர்ந்து எனக்கு போன் வருது" என்றாள் ஜனெல். "சில வாரம் ரெண்டு. வந்து கூட்டிட்டுப் போன்னு. அலமாரி மேல ஏறிட்டா, ஷூவைக் கழட்டி எறிஞ்சுட்டா, கதவைத் திறந்து பனியில ஓடிட்டான்னு. சில நேரம்னா எதுக்கு போன்?"

தலைமையாசிரியர் நெற்றியைத் தடவினார். எழுந்து போய் அலுவலகத்திலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து வந்தார். நடுவில் வெளியே போகும் பிள்ளைகளுக்கு அதில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். நேரம், பெயர், காரணம், கையொப்பம் என்று நான்கு கட்டங்கள்.

"நான் எண்ணிப் பாத்தேன், ஜனெல். அக்டோபர்லேர்ந்து முப்பத்தோரு நாள் மேரிட் பாதியில போயிருக்கா. காரணம்னு போட்டிருக்கறது..." அவர் படிக்கச் சங்கடப்பட்டு, புத்தகத்தையே அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

எல்லாம் அவள் கையெழுத்து. சரிவில்லாத, வாரியத்துக் கடிதங்களில் ஊரே பார்த்துப் பழகிய, சுத்தமான கையெழுத்து. குடும்ப விஷயம். குடும்ப விஷயம். குடும்ப விஷயம். நாலைந்து இடத்தில் மட்டும் டாரலின் கோழிக்கிறுக்கல், அதுவும் அதையே சொன்னது.

"ஸ்கூல் அனுப்பினதா ஒரு நாள்கூட எங்க பதிவுல இல்ல" என்றார் அவர். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பது ஜனெலுக்கு அப்போதுதான் புரிந்தது.

முதல் போன் வந்தது அக்டோபர் இரண்டாவது வாரம். ஜனெல் போய்ச் சேர்ந்தபோது ரோண்டா வாசலிலேயே நின்று அவள் தோளை அணைத்துக்கொண்டாள். ‘கவலப்படாத. நான் இதைப் பேப்பர்ல ஏத்தல. ஏத்தினா பன்னெண்டாவது வரைக்கும் புள்ள பின்னாடியே வரும். நீ சும்மா குடும்ப விஷயம்னு போட்டுட்டுக் கூட்டிட்டுப் போ.’ ஜனெலுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தாள். அந்த வாரமே இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். எல்ஸ்பியில் ஒருவர் உதவி செய்தால் அதைக் கேள்வி கேட்பது முகத்தில் எச்சில் துப்புவதற்குச் சமம். நன்றி சொல்லிவிட்டு, தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஏதாவது வைத்துக் கொடுக்க வேண்டும். ஆறு மாதமாகத் தட்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"அப்போ என்ன பண்ணலாம்னு சொல்றீங்க?" டாரல் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

தெரீஸ் கோலிங் விரல்விட்டுச் சொன்னாள். இந்த வருடம் முடியும்வரை மேரிட் வீட்டில் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமைதோறும் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெற்றோருக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, இருவரும் போகலாம். அடுத்த வருடம், குழந்தை கொஞ்சம் முதிர்ந்த பிறகு, திரும்பப் பார்க்கலாம்.

"அவளுக்கு உதவி வேணும்னு நான் மூணு தடவை கேட்டேன்" என்றாள் ஜனெல். "நவம்பர்ல ரோண்டாகிட்ட. ஜனவரியில உங்ககிட்ட, டென்னிஸ், அந்த வாசல்ல நின்னு. போன மாசம் போன்ல."

"நாம பேசிக்கிட்டோம், ஞாபகம் இருக்கு" என்றார் தலைமையாசிரியர். "ஆனா கோரிக்கைன்னு எதுவும் கோப்புல இல்ல."

எல்லோரும் வந்ததற்கு அடையாளமாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பெற்றோர் உரிமைகள் என்ற மெல்லிய புத்தகம் ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டதற்கும் ஒரு கையெழுத்து. இப்படி இரண்டு புத்தகங்கள் ஏற்கெனவே அவள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தன. யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

விளையாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்தாள். மேரிட் பாய்களின் அடுக்குமேல் நின்றுகொண்டிருந்தாள், ஒரு காலில் ஷூ இல்லை. அம்மாவைக் கண்டதும் அவள் முகம் சுண்டியது. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா! இன்னிக்கு நான் ஒண்ணுமே பண்ணல!"

அம்மா வந்தால் தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். ஆறு மாதத்தில் அந்தப் பள்ளியில் மேரிட் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"தெரியும்டா. நீ ஒண்ணும் பண்ணல" என்று ஜனெல் குனிந்து ஷூவைத் தேடினாள். நெடுநேரம் தேடவேண்டியிருந்தது, நிமிராமல் இருக்க அது வசதியாக இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் ரோண்டா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். டாரல் மேரிட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனான். பேச்சு நடக்குமிடத்தில் நிற்பது அவனுக்கு ஆகாது.

"மிச்சத்தை எடுத்துட்டுப் போ" என்று ரோண்டா எலுமிச்சைத் துண்டங்களை நீட்டினாள்.

"பதினெட்டுக்கும் சில நேரமா, ரோண்டா?"

"இங்க வேண்டாம், ஜனெல்."

"போன வாரம் உன் கையைக் கடிச்சாளே, அது சில நேரமா? கட்டு இன்னும் போட்டிருக்கே."

ரோண்டா சட்டென்று கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். "என்ன எழுதச் சொல்ற? புள்ளைக்கு மூளை சரியில்லன்னா? என் இன்னொரு தம்பி கர்ட்டை மறந்துட்டியா? நீ பாத்ததில்ல, நான் பாத்தேன். ஏழு வயசுல அவனைப் பேப்பர்ல ஏத்தினாங்க. கொதிகலன் ரூம் பக்கத்துல ஒரு ரூம், ஆறு பசங்க, ஒரு டீச்சர். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போறப்போ அந்தக் கதவைத் தாண்டித்தான் போகணும். பசங்க எல்லாரும் கத்துவாங்க, உன் தம்பி பைத்தியம்னு. பதினேழுல ஊரை விட்டுப் போனவன். இன்னிக்கு வரைக்கும் ஒரு கிறிஸ்துமஸ் கார்டு உண்டா?"

"அது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி."

"ஊரு அதே ஊருதானே!"

"அவளுக்கு உதவின்னு ஒண்ணு இருக்கு இப்போ. கூட உட்கார ஒரு ஆளு, தனியா ஒரு திட்டம். படிவம்தான் அதுக்கு வழி. நீ அந்த வழியை அடைச்சுட்ட."

"நான் அவளைக் காப்பாத்தினேன்."

"பேப்பர்ல அவ இல்ல, சரி. நான் இருக்கேனே. முப்பத்தோரு தடவை. புள்ளையப் பாதியில இழுத்துட்டுப் போற அம்மா. வீட்டுல ஆட்டம் போட விடுற அம்மா. சர்ச்சுல போய் ஒக்காந்து புள்ள வளக்கக் கத்துக்கணும் நான்."

ரோண்டா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் மூக்கு சிவந்திருந்தது, குளிராலும் இருக்கலாம்.

"உள்ள போய் உண்மையைச் சொல்லு" என்றாள் ஜனெல். "இப்பவே. அவங்க இன்னும் கிளம்பல."

"சொன்னா என் வேலை போயிடும், ஜனெல். படிவத்துல பொய் எழுதியிருக்கேன். ரிட்டயராக இன்னும் நாலு வருஷம்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "நீயும்தானே பொய் எழுதின. நானா கையைப் பிடிச்சு எழுதினேன்?" என்றாள்.

ஜனெல் தட்டை வாங்காமல் வண்டிக்கு நடந்தாள்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மேரிட் இரண்டு தடவை இருக்கைப் பட்டையை அவிழ்த்துவிட்டாள். டாரல் இரண்டு தடவையும் ஓரம் கட்டி, இறங்கிப் போய் மாட்டிவிட்டான்.

"அப்பா, பனி உருகினா எங்க போகும்? அப்பா, அந்த மாடு யாரோடது? மாட்டுக்குப் பனி பிடிக்குமா? அப்பா, நான் இறங்கிக்கிறேன்."

எந்தக் கேள்விக்கும் பதில் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் அடுத்தது முட்டித் தள்ளியது.

"நானும் இப்படித்தான் இருந்தேனாம்" என்றான் டாரல். "நல்லாத்தானே இருக்கேன்."

"நீ ஒரு ராத்திரிச் சாப்பாட்டை முழுசா ஒக்காந்து சாப்பிட்டதில்ல, டாரல். கல்யாணத்தன்னிக்கே பாதிரியார் ரெண்டு தடவை உன்னைத் தேடினார்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேரிட் பிறந்து ஆறாவது வாரத்திலேயே ஜனெலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பால் குடிக்கும்போது கதவு கிறீச்சிட்டால் போதும், வாயை விட்டுத் திரும்பிவிடுவாள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. மடியில் வைத்தால் வில்லாக வளைந்து நழுவுவாள். ஒன்பதாம் மாதம் தொட்டிலின் கம்பியைத் தாண்டிக் குதித்தாள். கிளினிக் நர்ஸ் சொன்னாள், ‘கைக்குழந்தையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. இப்படி இருந்த எத்தனையோ குழந்தைங்க அப்புறம் சாதாரணமா ஆயிடுறாங்க. நாலு வயசாகட்டும், இன்னும் அதிகமா இருந்தா டாக்டரைப் பாருங்க.’ அது நியாயமான பேச்சு. ஜனெல் காத்திருந்தாள். அதிகமாகத்தான் ஆயிற்று. மூன்று வயதில் ஒரு நாயைத் துரத்திக்கொண்டு மேரிட் நெடுஞ்சாலையில் இறங்கி, தானிய லாரி ஒன்று சக்கரம் தேய நின்றது. ஓட்டியவர் இறங்கிவந்து வாந்தி எடுத்தார். நாலு வயதானதும் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் தந்ததுதான் அந்த இரண்டு படிவங்கள்.

மறுநாள் காலை வாரிய அலுவலகத்தில் ஜனெல் அந்த மெல்லிய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். தண்ணீர் வரி விதிகளைப் படிப்பதுபோல, பென்சிலால் கோடிட்டுக்கொண்டு. வாயால் கேட்டது கேட்டதாகாது. எழுதிக் கேட்டால், மறுப்பதானாலும் பள்ளி எழுதித்தான் மறுக்க வேண்டும். பள்ளி செய்த மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால் வெளியாள் ஒருவரைக் கொண்டு மதிப்பிடக் கேட்கலாம். பதிவில் தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். எல்லாம் பதினோராம் பக்கத்துக்குள் இருந்தது. மூன்று தடவை அவள் கையில் வைத்துக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

அலைபேசிக் கம்பெனியிடமிருந்து ஆறு மாத அழைப்புப் பட்டியலை வரவழைத்தாள். பள்ளி எண்ணிலிருந்து வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தில் அவள் பதிவேட்டில் கையெழுத்திட்ட நேரத்தைப் பள்ளியில் கேட்டு வாங்கிக் குறித்தாள். பத்து நாற்பதுக்கு அழைப்பு, பத்து ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்து. ஒன்பது ஐந்துக்கு அழைப்பு, ஒன்பது இருபத்திரண்டுக்குக் கையெழுத்து. இருபத்தேழு நாட்கள் இப்படிப் பொருந்தின. மிச்சம் நாலு நாள் டாரலை அழைத்தவை.

கடிதத்தைச் சனிக்கிழமை காலை எழுதினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு. கோபம் வந்த இடத்திலெல்லாம் ஒரு தேதியைப் போட்டாள். நான்காவது பத்திக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. அதில் அவள் எழுத வேண்டியிருந்தது இது: ‘பதிவேட்டில் முப்பத்தொரு இடங்களில் உள்ள காரணம் பொய். இருபத்தேழு இடங்களில் அதை எழுதியது நான். ஆசிரியை ரோண்டா அப்படி எழுதச் சொன்னார், நான் நன்றியோடு எழுதினேன்.’ எழுதினாள். ‘நன்றியோடு’ என்ற சொல்லை அடித்துவிடப் போனாள். பிறகு, அதுவும் நடந்ததுதானே என்று விட்டுவிட்டாள்.

ஐந்தாவது பத்தி வகுப்புப் படிவத்தைப் பற்றியது. அது மூன்றே வரி.

டாரல் நின்றபடியே படித்தான். படித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை ஜன்னலுக்குப் போய்வந்தான்.

"ரோண்டா பேரை எடுத்துடு. ‘ஆசிரியை’ன்னு மட்டும் போடு."

"இருக்கறதே ஒரு ஆசிரியை."

"ஈஸ்டருக்கு அவ வீட்டுலதான் எல்லாரும்."

"தெரியும்."

"அவ என்னை வளத்தவ, ஜனெல். அம்மா வேலைக்குப் போனப்போ எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தது அவதான்."

"மேரிட்டைச் சும்மா இருக்க வெக்க முடியாம அவ படுற பாட்டையும் நான் பாத்திருக்கேன். அவ கெட்டவன்னு நான் ஒரு வரி எழுதல. நடந்ததை எழுதியிருக்கேன். கீழ உனக்கும் இடம் விட்டிருக்கேன், பாரு."

அவன் அந்த வெற்றுக் கோட்டைப் பார்த்தான். அதன்மேல் பேனாவை வைத்தான். கூடத்தில் மேரிட் எதையோ இழுத்துக் கவிழ்த்த சத்தம் கேட்டது. அதுவே சாக்காகப் பேனாவைக் கீழே போட்டுவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் டிராக்டர் கிளம்பும் ஓசை வந்தது. பனி இன்னும் முழங்கால் அளவு கிடந்தது. அந்த மாதத்தில் டிராக்டருக்கு என்ன வேலை என்று அவள் கேட்கப்போவதில்லை.

அவனுக்காக விட்ட கோடு இல்லாமல் கடிதத்தை மறுபடி எழுதி, தன் பெயரை மட்டும் போட்டாள்.

தபால் அலுவலகம் சனிக்கிழமை பதினோரு மணிவரைதான். மேரிட்டைக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் மேரிட் தபால் பெட்டிகளின் சின்னக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு ஓடினாள். தபால்காரி பெவர்லி கண்ணாடியை மூக்கில் இறக்கி உறையின் முகவரியைப் படித்தாள்.

"ஸ்கூலுக்கா? அதுக்கு எதுக்கும்மா பதிவுத் தபாலு? திங்கக்கிழமை நானே அந்தப் பக்கம் போறேன். ரோண்டா கையில குடுத்துடுறேன், உனக்கும் செலவு மிச்சம்."

"வேண்டாம், பெவர்லி."

"ஒரு சிரமமும் இல்ல, சொல்றேன்ல."

"சிரமம் இல்லன்னு தெரியும். தபால்லயே போகட்டும். வாங்கினதுக்கு அவங்க கையெழுத்து எனக்குத் திரும்பி வரணும்."

பெவர்லியின் முகம் மாறியது. உறையை இன்னொரு தடவை படித்தாள். மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரிந்துவிடும். ரோண்டாவுக்கு, கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்பே. ஜனெல் அந்தக் கையெழுத்துக்கான பச்சைச் சீட்டை நிரப்பினாள். பெறுநர், அனுப்புநர், தேதி. ‘அனுப்புநர்’ கட்டத்தில் தன் முழுப்பெயரையும் எழுதினாள்.

"அம்மா, இதுல யாரு இருக்கா? அம்மா, இந்தப் பெட்டி பூட்டியிருக்கு. அம்மா, நாம வீட்டுக்கா போறோம்? நான் ஒண்ணும் பண்ணல!"

"இரு கண்ணு, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே ஜனெல் உறையின் மடிப்பை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தித் தேய்த்தாள். பெவர்லி சீட்டை ஒட்டி, முத்திரையை இரண்டு தடவை குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.